மலை சைக்கிள் சோறு போடுமா?

தார்ச்சாலையை விட்டு விலகி, வேரும் பாறையும் சேறும் நிறைந்த மலைப்பாதையில் நடப்பது மலை சைக்கிள் பந்தயம். 1970களில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்து இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைச்சரிவில் இறக்கிப் பார்த்ததில் இது பிறந்தது. 1990இல் அமெரிக்காவின் துராங்கோ நகரில் முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் மலை சைக்கிள் பந்தயம் இடம்பெற்றது.

இதில் முக்கியமான பிரிவுகள் இரண்டு. கிராஸ்-கன்ட்ரி பந்தயத்தில் எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டு, ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும் சுற்றுப்பாதையை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓட்டுகிறார்கள். டவுன்ஹில் பந்தயத்தில் ஒவ்வொருவராக மேலிருந்து இறங்குகிறார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒலிம்பிக்கில் கிராஸ்-கன்ட்ரி மட்டுமே உண்டு. அரசின் ஆதரவு பெரும்பாலும் ஒலிம்பிக் விளையாட்டுகளையே நாடிச் செல்வதால், எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே பிழைப்பையும் ஓரளவு முடிவு செய்துவிடுகிறது.

ஐரோப்பாவில் இதையே தொழிலாகக் கொண்டவர்கள் பரிசுப் பணத்தை நம்பி வாழ்வதில்லை. சைக்கிள் தயாரிக்கும் நிறுவனங்கள் அணி அமைத்து, வீரருக்குச் சம்பளமும் பயிற்சியாளரும் மெக்கானிக்கும் தருகின்றன. சுவிட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். பத்து முறை உலகச் சாம்பியன். 39 வயதில், 2025இல்தான் ஓய்வு பெற்றார். அவ்வளவு நீண்ட வாழ்க்கை அமைவது உச்சியில் இருக்கும் சிலருக்கே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் பந்தயத்துக்கு உலகம் முழுவதற்குமாக ஒதுக்கப்பட்ட இடங்கள் ஆண்களுக்கு 36, பெண்களுக்கு 36. ஒலிம்பிக் மலை சைக்கிள் பந்தயத்தில் இந்தியர் எவரும் இதுவரை கலந்துகொண்டதில்லை.

ஆனாலும் இந்தியாவில் களம் விரிந்துகொண்டிருக்கிறது. இமாசலப் பிரதேசத்தில் 2005இல் பல நாள் இமயமலைப் பந்தயம் தொடங்கியது. சிம்லாவில் மலை சைக்கிளுக்கென ஒரு தேசியச் சிறப்புப் பயிற்சி மையம் அமைக்கப்படும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. 2023 அக்டோபரில் திருவனந்தபுரம் அருகே பொன்முடியில் ஆசியச் சாம்பியன் போட்டி நடந்தது. அது பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டியாகவும் இருந்தது. 2025இல் உத்தராகண்ட் நடத்திய தேசிய விளையாட்டுப் போட்டியிலும் மலை சைக்கிளுக்கு இடமிருந்தது.

களம் விரிந்த அளவுக்குச் சம்பளம் வளரவில்லை. சைக்கிள் தொழிலுக்கு இங்கே குறைவில்லை, சென்னையின் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இலேயே தொடங்கப்பட்டது. ஆனால் மவுண்டன் பைக் என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை தெருவிலேயே ஓடுகின்றன. மலையில் ஓட்டுவதற்கான பந்தய சைக்கிள் வாங்குவோர் சிலரே என்பதால், ஆண்டு முழுதும் சம்பளம் தரும் அணிகள் ஐரோப்பாவைப் போல இங்கே வேரூன்றவில்லை. செலவோ பெரியது. சர்வதேசத் தரமுள்ள கார்பன் சைக்கிளுக்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். டயர், செயின், பிரேக் கட்டை ஆகியவை சீக்கிரம் தேயும். பயணச் செலவும் காயத்துக்கான மருத்துவச் செலவும் தனி.

ஆகவே இந்திய வீரருக்கு நிலையான வருமானம் பெரும்பாலும் அரசு வேலை வழியாகவே வருகிறது. ரயில்வேயும் ராணுவமும் விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுத்து, தேசியப் போட்டிகளுக்கு அணி அனுப்புகின்றன. தமிழக அரசுப் பணிகளில் தகுதியுள்ள வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. இவற்றுக்குப் பெரும்பாலும் தேசிய அளவிலான வெற்றி வேண்டும். வெறும் பங்கேற்புச் சான்றிதழ் போதாது.

சென்னைப் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை நிலம். நந்தனத்திலிருந்து அண்ணா சாலையில் தெற்கே போனால் எதிர்ப்படும் மேடுகள் சின்னமலையும் பரங்கிமலையும்தான். மூச்சையும் கால்வலிமையையும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வளர்க்கலாம். மேலக்கோட்டையூரில் சைக்கிள் பந்தயத் தளமும் இருக்கிறது. பாறை மேல் இறங்கும் லாகவம் மட்டும் சமவெளியில் வராது. அதற்கு ஏலகிரி, நீலகிரி போன்ற மலைகளில் அடிக்கடி போய்த் தங்கவேண்டும். காப்புக்காட்டுக்குள் ஓட்ட வனத்துறை அனுமதியும் வேண்டும்.

நந்தனத்திலேயே வேறொரு வழியும் இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியுடன் சென்ற ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. உடற்கல்விப் பட்டம் பெற்றவர் பள்ளி ஆசிரியராகலாம். மேற்கொண்டு படித்துப் பயிற்சியாளராகலாம். சஸ்பென்ஷன், ஹைட்ராலிக் பிரேக் வேலை தெரிந்த மெக்கானிக்குகளைச் சைக்கிள் கடைகள் தேடுகின்றன. மலைச் சுற்றுலாவில் வழிகாட்டி வேலையும் உண்டு. பந்தயம் ஓட்டிய அனுபவம் இவை எல்லாவற்றிலும் கைகொடுக்கும்.

பந்தயம் மட்டுமே தொழில் என்பது இன்றைய இந்தியாவில் மிகச் சிலருக்கே சாத்தியம். பதினைந்து வயதில் ஆர்வம் காட்டும் பிள்ளை இருபது வயது வரை படிப்பை விடாமல் பயிற்சி எடுக்கலாம். அதற்குள் மாநிலப் பதக்கமும் தேசியப் போட்டியில் வெற்றியும் கிடைத்தால், விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையோடு பந்தயத்தைத் தொடரலாம். கிடைக்காவிட்டால், படித்த படிப்பும் மலையில் கற்ற திறமையும் சேர்ந்து சைக்கிளை ஒட்டிய வேறு வேலையைத் தரும்.