கார்டு மெஷினுக்குக் கையெழுத்துப் போடும் முன்

போன மாதம் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் மேசை டிராயரை இழுத்துக் காட்டினார். ரப்பர் பேண்ட் போட்ட ஸ்லிப் கட்டு. ஒன்றிலும் எழுத்து இல்லை. வெக்கையில் மங்கி எல்லாம் வெள்ளைக் காகிதமாகியிருந்தது. கிரெடிட் கார்டில் பதினெட்டாயிரத்துக்குப் பைப் எடுத்தவர், சரக்கே வரவில்லை என்று தன் வங்கியில் புகார் கொடுத்துவிட்டார். கடைக்காரரிடம் ஆதாரம் கேட்டார்கள். பில்லில் வாங்கியவரின் கையெழுத்தும் இல்லை. பணம் கணக்கிலிருந்து போய்விட்டது.

"எல்லாக் கடையிலும் இருக்கே, நானும் வாங்கினேன்" என்கிறார். இதையே எத்தனை பேரிடம் கேட்பது!

முதலில் உங்கள் லாபத்தைப் பாருங்கள். மளிகையில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் நிற்கிறது, கிரெடிட் கார்டுக்குக் கமிஷன் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்க்கு ஒரே பில் போட்டால் கமிஷன் 200, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 36. கிடைத்த 500-ல் 236 போயிற்று. மெஷின் வாடகை தனி. நூற்றுக்கு இருபத்தைந்து நிற்கும் ஜவுளிக்கடைக்கு இது வலிக்காது. மாதக் கடைசியில் கையில் காசில்லாதவரும் புடவை எடுப்பார். அங்கே மெஷின் வேண்டும்.

சிறு கடைகளிடம் டெபிட் கார்டுக்கு 0.40 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று 2018 முதல் ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள கடைகளுக்கு அது. ரூபே டெபிட் கார்டுக்கும், வங்கிக் கணக்கிலிருந்து வரும் யூ.பி.ஐ.க்கும் 2020 முதல் கமிஷன் கிடையாது. கிரெடிட் கார்டுக்கு வரம்பே இல்லை. அதனால் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். கமிஷன், வாடகை, குறைந்தபட்ச வியாபாரம், பணம் எத்தனை நாளில் கணக்கில் ஏறும், இடையில் நிறுத்தினால் என்ன பிடிப்பார்கள் என்ற ஐந்தையும் எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்து.

தெரிந்தவர்தானே என்று கிரெடிட் கார்டைத் தேய்த்துக் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள். சரக்குப் போகாத பில் அது. மெஷினையும் எடுப்பார்கள், விசாரணையும் வரும். கார்டு என்றால் 2 சதவீதம் கூடுதல் என்று எழுதி மாட்டாதீர்கள். டெபிட் கார்டில் அதற்கு ரிசர்வ் வங்கியே அனுமதிக்கவில்லை.

ஸ்லிப்பை அன்றன்றே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பெரிய தொகையென்றால் பில் நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுபடியும் சொல்கிறேன், ஸ்லிப் மங்கும்.

மெஷின் வேண்டாமென்றால் அலமாரியில் போட்டு வைக்காதீர்கள். வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்லிப்பில் அச்சாகும் டி.ஐ.டி. என்ற டெர்மினல் எண், மெஷினின் சீரியல் எண், திருப்பிக் கொடுத்த தேதி மூன்றையும் எழுதி இரண்டு பிரதிக் கடிதம் கொடுங்கள். ஒன்றில் வங்கிக் கிளையின் சீலும் தேதியும் வாங்குங்கள். "சிஸ்டத்தில் போட்டுவிட்டோம்" என்று அனுப்பிவைக்கப் பார்ப்பார்கள். சீல் இல்லாமல் இறங்காதீர்கள்.

தவறாகப் பிடித்த பணத்துக்கு முதலில் வங்கிக்கே எழுத்துப் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் பதியலாம், விவரம் கேட்க 14448. வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகல், ஒப்பந்தம், பணம் பிடித்த நாளின் கணக்கு அறிக்கை மூன்றையும் சேர்த்தே அனுப்புங்கள்.