கீரைப் பாத்தியில் ராத்திரி விருந்தாளி

நாஞ்சில் நாட்டில் வீடும் அதன் பின்னால் நாலு சென்ட் நிலமும் உள்ளவர்கள் பாக்கியசாலிகள். ஆனி, ஆடியில் ஒரு மழை. ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. மற்ற ஜில்லாக்காரர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோக நிற்கும்போது, கன்னியாகுமரி ஜில்லாவில் கிணற்றடியிலும் வாழை மூட்டிலும் ஈரம் காய்வதே இல்லை. ஒரு பாத்தி முளைக்கீரை, நாலு கத்தரி, பந்தலில் கொஞ்சம் பசலை என்று போட்டுவிட்டால் போதும். கறிக்கு என்ன செய்வது என்ற கவலை பாதி தீர்ந்தது.

ஆனால் அந்த ஈரத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் நாம் மட்டுமா? சாயந்திரம் பச்சைப் பசேல் என்று பார்த்த நாற்று, விடிந்ததும் வெறும் காம்பாக நிற்கிறது. பாத்தி ஓரத்தில் வெள்ளி ஜரிகை போல ஒரு கோடு பளபளக்கிறது. வந்த விருந்தாளி சாப்பிட்டதும் அல்லாமல் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்!

அந்த விருந்தாளி வேறு யாரும் அல்ல, நத்தைதான். ஓட்டைச் சுமந்துகொண்டு வருகிறவர் ஒரு ரகம். ஓடே இல்லாமல், தட்டையாய்க் கறுத்து, முதுகில் வெளிறிய கோட்டுடன் வருகிறவர் இன்னொரு ரகம். இவரைப் பார்த்து அட்டை என்று பயந்து அலறுகிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம்; இவர் ரத்தம் குடிப்பதில்லை, இலையைத்தான் தின்கிறார்.

“முட்டைத் தோட்டை நொறுக்கிப் போடுங்க மதினி, ஒண்ணும் அண்டாது” என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். எதிர் வீட்டில் சாம்பல் என்பார்கள். இன்னொருவர் காப்பித் தூள் என்பார். இவற்றில் எது பலிக்கும், எது பலிக்காது? இதைப் பல தேசங்களில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அந்த முடிவுகளை உங்கள் முன் வைப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு பாட்டிமார்

முதலில் இரண்டு பாட்டிமார் கதையைக் கேளுங்கள்.

1966-ல் ஹவாய் தீவுக்குப் போய் வந்த ஒரு சிறுவன், ஆசையாக மூன்று ஆப்பிரிக்க ராட்சத நத்தைகளை அமெரிக்காவின் மயாமி நகருக்குக் கொண்டு வந்தான். பாட்டி பார்த்தாள், பாவம், ஜீவன்தானே என்று அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டாள். ஏழு வருஷம் கழித்து எண்ணியபோது பதினெட்டாயிரத்துக்கும் மேல்! அவற்றை ஒழித்துக் கட்ட 1975 வரை ஆயிற்று. பத்து லட்சம் டாலர் செலவு.

இது எப்படி நடந்தது என்கிறீர்களா? இந்த நத்தையில் ஆண், பெண் என்று தனித்தனி கிடையாது. இரண்டும் ஒரே உடம்பில். ஒரே ஈட்டில் நூறு, இருநூறு முட்டைகளை மண்ணுக்குள் இட்டுவிடும். வெயில் காலத்தில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மாதக் கணக்கில் தூங்கும். மழை பெய்தால் எழுந்துவிடும்.

இரண்டாவது பாட்டி இங்கிலாந்தில் டெவன் பகுதியைச் சேர்ந்த ரூத் புரூக்ஸ் அம்மாள். தோட்டத்து நத்தையைக் கொல்ல மனம் வராமல், பிடித்துத் தூரத்தில் விட்டுவிடுவது அவர் வழக்கம். அதே நத்தைகள் திரும்பி வருகின்றனவோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. என்ன செய்தார் தெரியுமா? நகப்பூச்சை எடுத்து நத்தை ஓடுகளில் அடையாளம் இட்டார். தம் வீட்டு நத்தைகளுக்கு ஒரு நிறம், அண்டை வீட்டு நத்தைகளுக்கு வேறு நிறம். இடம் மாற்றி விட்டுவிட்டுக் காத்திருந்தார். பத்து மீட்டர் தூரத்தில் விட்டவை கூடத் தம் பழைய தோட்டத்தைத் தேடி வந்து சேர்ந்தன! எக்ஸிட்டர் பல்கலைக் கழக விஞ்ஞானி ஒருவர் துணையுடன் நடத்திய இந்தச் சோதனைக்காக, 2010-ல் பி.பி.சி. வானொலி அந்த அம்மாளுக்கு அமெச்சூர் விஞ்ஞானி என்ற பட்டமே கொடுத்தது. பின்னால் 2014-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள், இருபது மீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் விட்டால்தான் பிரயோஜனம் என்று கணக்குச் சொன்னார்கள்.

ஆகையால், சுவருக்கு மேலாக அடுத்த வீட்டுக்கு எறிந்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வருவதில் பயனில்லை. நத்தையும் திரும்பி வரும். அடுத்த வீட்டு மதினியின் கோபமும் கூடவே வரும்.

கோட்டை கட்டினால் நிற்குமா?

முட்டை ஓடு விஷயத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தார் 108 லெட்டூஸ் கீரைச் செடிகளை வைத்துச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். செப்புப் பட்டை, கூர்மையான சரளை, பைன் மரப்பட்டை, கம்பளி உருண்டை, முட்டை ஓடு என்று ஐந்து விதமான வேலிகள். சில செடிகளுக்கு மட்டும் வேலியே இல்லை. முடிவு என்ன? வேலி போட்ட செடியும் போடாத செடியும் ஒன்று போலவே கடிபட்டிருந்தன!

இதில் ஆச்சரியம் இல்லை. நத்தை வெறுங்காலோடு நடப்பதில்லை. தானே சுரக்கும் வழவழப்பைப் பாய் போல விரித்து அதன் மேல் போகிறது. சவர பிளேடின் விளிம்பு மேல் விட்டாலும் காயம் படாமல் ஊர்ந்து போகும். அதற்கு முட்டை ஓடு எம்மாத்திரம்? போதாக்குறைக்கு, ஆப்பிரிக்க நத்தைக்குத் தன் ஓட்டை வளர்க்கச் சுண்ணாம்புச் சத்து தேவை. அதற்காகவே வீட்டுச் சுவரின் வெள்ளையையும் காரையையும் சுரண்டித் தின்னும். அதன் முன்னால் முட்டை ஓட்டைப் போடுவது, திருடன் வரும் வழியில் பலகாரம் வைப்பது மாதிரிதான்.

சாம்பல்? காய்ந்திருக்கும் வரை நத்தைக்குப் பிடிக்காது; அதன் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஒரு தூறல் விழுந்தால் சாம்பல் சேறாகிவிடும். நத்தை வருவதோ அந்தத் தூறலில்தான்!

உப்பு? சாமித்தோப்பு உப்பளம் பக்கத்தில் இருக்கிறது, உப்புக்கு என்ன குறை என்று பாத்தியில் வாரி இறைத்துவிடாதீர்கள். நத்தை சாகும், கூடவே மண்ணும் சாகும். அடுத்த தடவை விதைக்கிற கீரை முளைக்காது.

காப்பி? இது சுவாரஸ்யமான விஷயம். ஹவாயில் தவளைத் தொல்லையைத் தீர்க்கக் காப்பியில் உள்ள காஃபீன் சத்தைத் தெளித்துப் பார்த்தார்கள். அப்போது அங்கிருந்த நத்தைகள் செத்ததைக் கண்டு, தனியாக ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு காஃபீன் இருந்தால் நத்தை சாகிறது. மிகக் குறைந்த அளவு இருந்தாலும் இலையைத் தின்னத் தயங்குகிறது. ஆனால் நாம் குடிக்கும் காப்பியில் கொல்லும் அளவுக்குக் காஃபீன் இல்லை. டிகாஷன் இறக்கிய பிறகு மிஞ்சும் சக்கையில் இன்னும் குறைவு. பலமான கரைசலைத் தெளித்தாலோ சில செடிகளின் இலையே கருகும். ஆகவே காப்பியை நீங்களே குடித்துவிடுவது உத்தமம்.

நத்தையை நத்தையே தின்னட்டும் என்று ஒரு யோசனையும் நடந்தது. ஹவாயில் 1955-ல் ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்க, இறைச்சி தின்னும் வேறொரு நத்தையை வரவழைத்தார்கள். வந்தவர், ஆப்பிரிக்கரை விட்டுவிட்டு, அந்தத் தீவுக்கே உரிய அழகான மர நத்தைகளைத் தின்று தீர்க்க ஆரம்பித்தார்! பூனைக்குப் பயந்து புலியை வளர்த்த கதைதான்.

பலிக்கிற வழி

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. ஆனால் அது வேலி போடுவதில் இல்லை. ஆசாமியின் பழக்கத்தைத் தெரிந்துகொள்வதில் இருக்கிறது. நத்தைக்குப் பகலில் ஒளிய ஈரமான இருட்டு வேண்டும். ராத்திரியில் தின்ன மெதுவான இலை வேண்டும். இரண்டையும் நாமே ஓர் இடத்தில் வைத்துக் கொடுத்துவிட்டால்?

கேரளத்தில் ஆப்பிரிக்க நத்தை 1970-ல் பாலக்காட்டில் புகுந்து, பிறகு பல ஜில்லாக்களுக்குப் பரவியது. அங்கே பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் சொல்லும் வழி இது: ஒரு சாக்கை நனைத்து, உள்ளே முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ வைத்து, தோட்டத்தின் மூலையில் போட்டுவிடுங்கள். ராத்திரி வந்து தின்ற நத்தைகள் பகலில் அந்தச் சாக்கிலேயே தங்கிவிடும். காலையில் சாக்கோடு எடுத்து, உப்புக் கரைத்த வாளித் தண்ணீரில் போட்டு, பிறகு பாத்திக்கு எட்டத்தில் ஆழமாகப் புதைத்துவிடலாம். புகையிலைக் கஷாயமும் மயில்துத்தமும் கலந்து தெளிக்கும் முறையும் அங்கே உண்டு. ஆனால் இரண்டுமே விஷம். குழம்பில் போடும் கீரைக்கு அது வேண்டவே வேண்டாம். கடையில் விற்கும் நத்தை விஷக் குருணையும் நாய்க்கும் பூனைக்கும் குழந்தைக்கும் ஆபத்தானது.

சாக்கோடு, கவிழ்த்த சிரட்டை, உடைந்த ஓடு, வாழை மட்டை இவற்றையும் அங்கங்கே வைத்துத் தினம் புரட்டிப் பாருங்கள். மழை விட்ட ராத்திரியில் எட்டு, ஒன்பது மணிக்கு டார்ச் விளக்கோடு ஒரு சுற்று சுற்றுங்கள். செடிக்குச் சாயந்திரம் விடும் தண்ணீரைக் காலையில் விடுங்கள்; ராத்திரிக்குள் மேல் மண் உலர்ந்திருக்கும். இரண்டு நாள் செய்துவிட்டு நிறுத்தினால் போதாது. மண்ணுக்குள் இருக்கும் முட்டைகள் பொரித்து வரும். மழைக்காலம் முழுதும் விடாமல் செய்ய வேண்டும்.

வெறுங்கையால் தொடாதீர்கள்

இனி சொல்லப் போவது விளையாட்டு அல்ல. தாய்மார்கள் கவனித்துப் படிக்க வேண்டும்.

எலியின் நுரையீரல் நாளங்களில் வசிக்கும் ஒரு புழு உண்டு. சீனாவில் கான்டன் நகரத்து எலிகளில் கண்டறிந்து, 1935-ல் அதை விவரித்தார்கள். எலியின் எச்சத்தைத் தின்னும் நத்தையின் உடம்புக்குள் அதன் குஞ்சுகள் வளர்கின்றன. வேகாத நத்தை மூலமாகவோ, பச்சை இலையில் ஒட்டிய சிறு நத்தை மூலமாகவோ அவை மனிதன் வயிற்றுக்குள் போனால் மூளைக்கு ஏறி, மூளைச் சவ்வை வீங்க வைக்கும். கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி இவை அறிகுறிகள். அநேகம் பேர் பிழைத்துவிடுகிறார்கள். எல்லாரும் அல்ல. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் 19 வயது இளைஞர் ஒருவர், 2010-ல் நண்பர்களோடு விளையாட்டாகச் சவால் விட்டு ஓடில்லாத நத்தை ஒன்றை விழுங்கினார். ஒரு வருஷத்துக்கு மேல் நினைவிழந்து கிடந்தார். கை கால் விளங்காமல் போய், 2018-ல் இறந்தார்.

ஆகவே நத்தை பிடிக்கும்போது கையுறை போடுங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நத்தையோடு விளையாடக் குழந்தைகளை விடாதீர்கள். தோட்டத்துக் கீரையை ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவுங்கள். வேகவைத்த கீரையில் பயமில்லை. பச்சையாகத் தின்னும் வல்லாரைக்குத்தான் இரட்டைக் கவனம் வேண்டும். குழந்தைக்குத் தலைவலியும் வாந்தியும் வந்து, அது நத்தையைத் தொட்டிருந்தால், டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு சோதனைச் சாலை

களியக்காவிளை சோதனைச் சாவடியில் நத்தையை நிறுத்தி, எங்கே போகிறாய் என்று கேட்பார் இல்லை. செடித் தொட்டியிலும் மண்ணிலும் மரக்கட்டை லாரியிலும் முட்டையாகவே பிரயாணம் செய்துவிடும். எங்கே செடி வாங்கினாலும், தோட்டத்தில் இறக்குமுன் தொட்டியின் அடியைப் புரட்டிப் பாருங்கள். மூன்று நத்தை பதினெட்டாயிரம் ஆன கணக்கை மறந்துவிட வேண்டாம்.

இன்னும் ஒன்று. இனி யாராவது கைகண்ட மருந்து என்று எதையாவது சொன்னால், நம்பவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். ஒரே மாதிரி இரண்டு பாத்தி போடுங்கள். ஒன்றுக்கு மட்டும் அந்த மருந்து. மற்றதைச் சும்மா விடுங்கள். பத்து நாள் கழித்துக் கடிபட்ட செடிகளை இரண்டிலும் எண்ணி, காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். மருந்து போட்ட பாத்தியை மட்டும் பார்த்தால் எல்லா மருந்தும் பலித்தது போலத்தான் தோன்றும்.

முதல் சோதனைக்கு விஷயமும் தயாராக இருக்கிறது. மாவும் தண்ணீரும் ஈஸ்ட்டும் கலந்து புளிக்க வைத்த ரொட்டி மாவுக்கு நத்தைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன என்று அமெரிக்காவின் ஓரிகன் மாகாணப் பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் 2021-ல் தெரிவித்தார்கள். நம் வீட்டில் புளித்துப் போன தோசை மாவுக்கும் அந்த வசீகரம் உண்டா? ஒரு சிரட்டையில் மாவு, இன்னொரு சிரட்டையில் வெறும் தண்ணீர். ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் எண்ணிப் பாருங்கள். ரூத் புரூக்ஸ் அம்மாளுக்கு நகப்பூச்சு போதுமானதாக இருந்தது. உங்களிடம் தோசை மாவே இருக்கிறது!