மில்லியன் டாலர் போக்கர்: வென்றது தெரிகிறது, கட்டியது?

தெம்பனிஸில் டௌன்டவுன் பாதை ரயிலில் ஏறினால், வேறு ரயில் மாறாமலேயே பேஃபிரண்ட்டில் இறங்கலாம். அங்கேதான் மரினா பே சேண்ட்ஸ் சூதாட்டக்கூடம். 21 வயது ஆகாதவர்களுக்கு உள்ளே அனுமதியில்லை. வயது வந்த சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாள் நுழைவுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். ஆனால், கைப்பேசிக்கு வரும் போக்கர் காணொளிகளுக்கு வயது வரம்பும் இல்லை, கட்டணமும் இல்லை. அவற்றைப் பார்க்கும் மாணவர்களுக்கு, ‘கணக்கில் கெட்டியாக இருந்தால் இதில் சம்பாதிக்கலாம்தானே?’ என்று தோன்றுவது இயல்பு.

சரி, கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

2012 ஜூலையில் லாஸ் வேகசில் ‘பிக் ஒன் ஃபார் ஒன் டிராப்’ போட்டி நடந்தது. நுழைவுக் கட்டணம் 1 மில்லியன் அமெரிக்க டாலர். 48 பேர் கட்டினர். ஒவ்வொருவர் பணத்திலும் 111,111 டாலர் தண்ணீர் வசதிக்காகப் பாடுபடும் அறநிறுவனத்துக்குப் போனது. எஞ்சியதே பரிசு. ஆக, ஆளுக்குச் சராசரியாகத் திரும்பியது 888,889 டாலர்தான். போட்ட முதலை எடுக்கவே சராசரியைவிட 12.5 விழுக்காடு அதிகம் வெல்ல வேண்டும். அன்டோனியோ எஸ்ஃபந்தியாரி 18.3 மில்லியன் டாலர் வென்றது பெரிய செய்தியானது. பரிசு பெற்றவர்கள் ஒன்பதே பேர். மற்ற 39 பேர் வெறுங்கையோடு திரும்பினர்.

போக்கரில் திறனுக்கு இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. சென்னை உயர் நீதிமன்றமே 2023ல் அதைத் திறன் விளையாட்டு என்று ஏற்றுக்கொண்டது. ஆனால், ஒருவரின் லாபம் இன்னொருவரின் நட்டம். மேசைக்குப் புதிதாகப் பணம் எங்கிருந்தும் வருவதில்லை. அதனால், பொழுதுபோக்குக்கு ஆடும் செல்வந்தர்கள் இருந்தால்தான் திறனாளிக்கு லாபம். 2019ல் லண்டனில் நடந்த டிரைட்டன் மில்லியன் போட்டியில், தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒரு செல்வந்தரின் அழைப்பு இருந்தால்தான் சேர முடிந்தது. அப்படிப்பட்ட செல்வந்தர்களும் சும்மா தோற்றுவிடுவதில்லை. 2012 போட்டியில் மூன்றாம் இடம் பிடித்த டேவிட் ஐன்ஹார்ன் ஒரு முதலீட்டு நிதி நிர்வாகி.

அடுத்து, அதிர்ஷ்டத்தின் கணக்கு. 48 பேரில் சராசரி ஆளைவிட உங்களுக்கு முதற்பரிசு வாய்ப்பு இரு மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். அது 24ல் ஒன்று. அப்படி 24 போட்டிகள் ஆடினாலும் ஒருமுறைகூட முதற்பரிசு கிட்டாமல் போகும் வாய்ப்பு 36 விழுக்காடு! (23/24ஐ 24 முறை பெருக்கிப் பாருங்கள்.) அதற்குள் 24 மில்லியன் டாலர் கட்டியிருப்பீர்கள். இந்த ஆபத்தைத் தனியாகச் சுமக்க முடியாமல்தான் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் நுழைவுக் கட்டணத்தைப் பங்கு போட்டு மற்றவர்களுக்கு விற்கிறார்கள். வென்றால் பரிசும் அப்படியே பிரியும். திரையில் மின்னும் தொகை முழுதும் வென்றவரின் பைக்குப் போகிறது என்று நினைக்க வேண்டாம்.

புகழ்பெற்ற ஆட்டக்காரர் டேனியல் நெக்ரானு தம் வரவு செலவைத் தாமே வெளியிட்டார். 2017ல் அவர் பெற்ற பரிசுகள் 2.7 மில்லியன் டாலருக்கும் மேல். கட்டிய கட்டணங்களைக் கழித்தால் அந்த ஆண்டு அவருக்கு நட்டமே.

2014ல் அதே ‘ஒன் டிராப்’ போட்டியில் 15.3 மில்லியன் டாலர் வென்றவர் டேனியல் கோல்மன். வென்றதும் அவர் செய்தியாளர்களிடம் பேச மறுத்தார். இந்த விளையாட்டு பலரின் வாழ்க்கையைப் பாதிக்கிறது, அதற்கு விளம்பரம் தேட விரும்பவில்லை என்று பிறகு எழுதினார்.