வண்டியில் வேலைக்குச் செல்லும் பெண்ணுக்குப் பாதுகாப்பு

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உருத்திரபுரத்தை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் பல, உழவு இயந்திரப் பெட்டியையே வீடாகக் கொண்டு நகர்ந்தன. மீளக் குடியேறிய பின்னர், கணவனை இழந்த பெண்கள் பலர் தனியே குடும்பப் பாரம் சுமக்கின்றனர். உழவு இயந்திரப் பெட்டியிலும் பட்டாவிலும் ஏறிக் கூலி வேலைக்குச் செல்கின்றனர். ஆனால் மகள் ஒருத்தி வாகனம் ஓட்டப் பழக விரும்பினால், "அது பெண்பிள்ளைக்கு ஏற்ற வேலையல்ல" என்று தடுத்துவிடுகிறோம். எமது அச்சம் நியாயமானதே. தடை அதற்கு மருந்தாகுமா?

அமெரிக்காவில் நெடுந்தூரப் பாரவூர்திகளை இருவர் சேர்ந்து ஓட்டுவதுண்டு. ஒருவர் ஓட்ட, மற்றவர் ஆசனத்தின் பின்னுள்ள படுக்கையில் உறங்குவார். புதிதாகப் பழகும் பெண், பயிற்றுநருடன் பல நாட்கள் அந்தச் சிறு இடத்திலேயே தங்கவேண்டியிருக்கும். அவளுடைய தேர்ச்சியைத் தீர்மானிப்பவரும் அவரே. துன்புறுத்தல் நேர்ந்தால் நடுவழியில் எங்கே இறங்குவது? யாரிடம் முறையிடுவது?

நியூ பிறைம் என்னும் நிறுவனம், பெண்களைப் பெண் பயிற்றுநரே பழக்கவேண்டும் என விதித்தது. அத்தகைய பயிற்றுநர் மிகச் சிலரே இருந்தமையால் பெண்கள் மாதக்கணக்கில் காத்திருந்தனர். ஆண்களோ அவ்வாறு காத்திருக்கவில்லை. இது பாரபட்சம் என 2014இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதுகாப்பின் பெயரால் பெண்ணின் பிழைப்பைப் பறிக்கக்கூடாது. வேலையின் ஒழுங்கையே திருத்தவேண்டும் என்பதே நாம் இதிலிருந்து கற்கும் பாடம்.

சட்டம் எமது பக்கம் உண்டு. 1995இல் திருத்தப்பட்ட எமது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி, அதிகாரத்திலுள்ளவர் வேலைத்தலத்திலோ வேறெந்த இடத்திலோ சொல்லாலோ செயலாலோ விரும்பத்தகாத பாலியல் அணுகுதலில் ஈடுபடுவது குற்றமாகும். ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். சர்வதேச தொழிலாளர் தாபனம் 2019இல் நிறைவேற்றிய 190ஆம் இலக்கச் சமவாயமோ வேலைக்குப் போய்வரும் பயணம், ஓய்வெடுக்கும் இடம், முதலாளி வழங்கும் தங்குமிடம் ஆகியவற்றையும் வேலை உலகின் பகுதியாகவே கொள்கின்றது.

எமது கிராமத்தில் இவற்றைச் செய்யலாம்:

1. வேலையை ஏற்குமுன் யார் சாரதி, கூட வருவோர் யார், எங்கே தங்குவது, மலசலகூடம் உண்டா எனக் கேட்டறிதல்.

2. வாகன இலக்கத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் கொடுத்துச் செல்லுதல்.

3. பெண்ணைத் தனியாக ஏற்றாது இருவராகவேனும் அனுப்புதல். மூட்டைகளின் மேல் இருத்தாமை. இரவு தங்கினால் பெண்களுக்குத் தனியறையும் உட்புறப் பூட்டும் இருத்தல்.

4. முறைப்பாட்டை மேற்பார்வையாளரல்லாத ஒருவர் கேட்டல். முறையிட்டவளின் வேலையை நிறுத்தாமை.

5. நடந்ததைத் திகதி, நேரத்துடன் எழுதிவைத்தல். தொலைபேசிச் செய்திகளை அழிக்காதிருத்தல். பெண்களுக்கான 1938 என்னும் இலக்கத்தை அழைக்கலாம். பொலிசாரின் சிறுவர், பெண்கள் பணியகத்தையும் நாடலாம்.

துன்பம் நேர்ந்தபின் "நீ ஏன் போனாய்?" என்று பிள்ளையைக் கேட்பது எமது வழக்கம். "எந்த ஒழுங்கில் அழைத்துச் சென்றீர்கள்?" என்று முதலாளியை முன்கூட்டியே கேட்போம். ஒரு குடும்பம் தனித்துக் கேட்கத் தயங்கினால், சங்கமாகச் சேர்ந்து கேட்போம்.