வெங்காயத் தோலும் செவிக்கெட்டாத ஒலியும்

வெங்காயத்தைப் பிடுங்கி, காயவைத்து, வால் நறுக்கி விற்ற பின் முற்றத்தில் எஞ்சுவது சருகுத் தோல். காற்று அள்ளியது போக மிச்சத்தைக் கொளுத்திவிடுகிறோம். மாட்டுக்கும் தாராளமாகப் போட முடியாது. வெங்காயம் கூடினால் அதன் செங்குருதிக் கலங்கள் உடைந்து சோகை பிடிக்கும்.

ஆனால் சதையிலும் பார்க்க இந்தத் தோலில்தான் 'குவர்செற்றின்' என்னும் மஞ்சட் பொருள் பன்மடங்கு உண்டு. எண்ணெய் பழுதாகாமல் காக்கும் குணமுடையது. சத்துக் குளிகைகளிலும் சேர்க்கிறார்கள்.

அதைப் பிரித்தெடுப்பது எப்படி? தேயிலையில் சாயம் இறக்குவது போலத்தான். ஆனால் கலச்சுவர் குறுக்கே நிற்கிறது. மணிக்கணக்கில் சூடாக்கினால் விறகும் வீண், பொருளும் கெடும். இங்கேதான் கழியொலி உதவுகிறது. கர்ப்பிணித் தாய்மாருக்கு 'ஸ்கான்' பார்ப்பதும் இவ்வகை ஒலியாலேயே. அங்கே வலு மிகக் குறைவு. இங்கே செக்கனுக்கு 20,000 முதல் 40,000 வரை அதிர்வுகள், வலுவோ பெரிது.

தூளாக்கிய தோலை நீரும் மதுசாரமும் கலந்த திரவத்தில் இட்டு, உலோகக் கோலொன்றை அமிழ்த்தி அதிரச் செய்வர். திரவம் இழுபட்டு நெரிபட, நுண்ணிய குமிழிகள் தோன்றிச் சடுதியாக நொறுங்கும். தோலருகே நொறுங்கும் குமிழி ஊசி போன்ற தாரையை அதன்மேல் பாய்ச்ச, கலச்சுவர் கிழிகிறது. கப்பற் சுழல்விசிறிகளை அரித்துத் தின்றவையும் இத்தகைய குமிழிகளே. அவை நொறுங்கும் கணக்கை றேலி பிரபு 1917இல் எழுதினார். இம்முறையில் மணிக்கணக்கான வேலை நிமிடங்களில் முடிகிறது. அளவு மீறி அதிரவிட்டால் வெளிவந்த பொருளே சிதையும்.

மெசின் வாங்கச் சொல்லி இதை எழுதவில்லை. மதுசாரத்தை மீட்கும் கலன், தீத் தடுப்பு, பரிசோதனைக் கூடம் எல்லாம் தேவை. இது வீட்டுக் கைத்தொழிலாகாது. "மெசின் தருகிறோம், முற்பணம் கட்டுங்கள்" என்று எவராவது வந்தால், எடுத்த சாற்றை வாங்குபவர் யார், அது எழுத்தில் உண்டா என்று கேளுங்கள். அதற்கு விடை வரும்வரை நகையை அடைவு வைக்க வேண்டாம்.

நம் கையில் உள்ளது தோலின் தரம். பூஞ்சணம் பிடித்ததும், அறுவடைக்குச் சற்று முன் கிருமிநாசினி அடித்ததும் உதவா. சத்தோடு நஞ்சும் சேர்ந்து இறங்கக்கூடும். படங்கில் பரவி நன்றாக உலர்த்திச் சாக்கில் கட்டி வையுங்கள். வாங்க ஆளில்லாவிட்டால் கொளுத்தாமல் கூட்டெருவுக்குப் போடலாம்.

அதற்கு முன் ஒரு பிடி தோலைக் கொதிக்கவிட்டு, படிகார நீரில் ஊறிய வெள்ளைப் பருத்தித் துணியை அதிலே போட்டுப் பாருங்கள். துணியில் ஏறும் மஞ்சளில் குவர்செற்றினுக்கும் பங்குண்டு.