வெட்டப்பட்ட படம்

"எந்நேரமும் அந்த ரெலிபோனோடை இருக்கிறாய், அதுக்குள்ளை என்னதான் கிடக்கு?" எந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தாலும் எங்கள் வீடுகளில் நாளாந்தம் கேட்கும் ஏச்சு இது. உகண்டா நாட்டுப் பெண்ணொருவர் அதே கருவியால் செய்ததை வாசகர்கள், குறிப்பாகப் பெற்றோர், அறிந்திருப்பது நல்லது.

வனேசா நகாட்டே தலைநகர் கம்பாலாவைச் சேர்ந்தவர். வணிகத்துறைப் பட்டதாரி. 2018 ஒக்ரோபரில் கிழக்கு உகண்டாவின் புடுடா மலைப்பகுதியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பள்ளியில் எங்கோ தூரத்துச் சங்கதிபோலப் படித்த காலநிலை மாற்றம் தன் நாட்டுக்கே வந்துவிட்டதை வனேசா தேடிப் படித்து அறிந்தார்.

அதே ஆண்டு ஓகஸ்டில் சுவீடனில் 15 வயது மாணவி கிரேற்றா துன்பேர்க் பாராளுமன்றத்தின் முன் அட்டையோடு அமர்ந்து, அந்தப் படத்தை இன்ஸ்ரகிராமில் போட்டிருந்தார். அந்தப் போராட்டத்தைப் பார்த்து வனேசாவும் 2019 ஜனவரியில், சகோதரங்களையும் ஒன்றுவிட்ட சகோதரங்களையும் கூட்டிக்கொண்டு கம்பாலாத் தெருக்களில் அட்டை பிடித்தார். ஊர்வலம் போவதென்றால் பொலிஸ் அனுமதி வேண்டும். அது எப்படிப்பட்ட நிலை என்று எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பின்னர் தனியாகவும் நின்றார். கேலி செய்தவர்கள் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு முறையும் படம் எடுத்து இணையத்தில் போட்டார். வேறு நாடுகளில் அவரைப்போல நின்றவர்கள் அதைக் கண்டார்கள்.

2020 ஜனவரி 24, சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரம். உலகப் பொருளாதார மாநாட்டையொட்டி அங்கே வந்த ஐந்து இளம் பெண்கள் பனிமலை பின்னால் தெரிய ஒன்றாக நின்றார்கள். ஐவரில் கறுப்பினத்தவர் வனேசா மட்டுமே. அசோசியேற்றட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட படத்தில் நால்வர்தான் இருந்தனர். ஓரத்தில் நின்றவரை வெட்டிவிட்டார்கள். பின்னாலிருந்த கட்டடம் படத்தைக் கெடுத்ததாம். (நாங்களும் எத்தனை செய்திப்படங்களின் ஓரத்தில் காணாமற் போயிருக்கிறோம்!)

முந்திய காலமென்றால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதிவிட்டு, பிரசுரமாகுமா என்று காத்திருக்க வேண்டியதுதான். வனேசா, அப்போது டுவிட்டர் என்றிருந்த தளத்தில், என்னை ஏன் நீக்கினீர்கள் என்று நேரே கேட்டார். கண்ணீரோடு பேசிய வீடியோ ஒன்றையும் போட்டார். இனவெறி என்ற சொல்லின் பொருளை வாழ்க்கையில் முதன்முறையாக உணர்ந்ததாகச் சொன்னார். மிகக் குறைவாகப் புகை கக்கும் ஆபிரிக்காதான் மிக அதிகமாக அடிபடுகிறது என்றும் சொன்னார். எழுதி வைத்து வாசித்த பேச்சல்ல அது. அதனாலேயே உலகெங்கும் பரவியது என்பது என் எண்ணம்.

செய்தி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஐவரும் இருக்கும் படம் வெளிவந்தது. அதுவரை அவரைக் கேள்விப்படாத ஆயிரக்கணக்கானோர் அவர் எழுதுவதைப் படிக்கத் தொடங்கினார்கள்.

வனேசாவுக்கு வேறொரு வேலையும் இருந்தது. 2019இல் தொடங்கிய திட்டமொன்றின் மூலம் உகண்டாவின் பாடசாலைகளில் சூரியத் தகடுகளும், குறைந்த விறகில் எரியும் அடுப்புகளும் பொருத்துவித்தார். பிள்ளைகளின் சாப்பாட்டுக்காக மரம் தறிப்பதைக் குறைக்கத்தான் அந்த அடுப்புகள். அந்தப் படங்களையும் அதே ரெலிபோனில்தான் பார்க்கலாம்.