அச்சுப்பொறியின் மேல் பிழையில்லை



தவணைப் பரீட்சைக்கு முதல்நாள் மாலை. எங்கள் ஆசிரியை ஒருவர் தம் வீட்டுக் கணினியில் தட்டெழுதிய தமிழ் வினாத்தாளைக் கொண்டுவந்தார். பாடசாலைக் கணினியோடு இணைந்த அச்சுப்பொறியில் அதனை எடுத்தபோது, 'அம்மா' என்று இருக்கவேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என ஆங்கிலக் குறிகள் வரிசையாக நின்றன. மூன்று பக்கங்களும் அவ்வாறே. பொறி பழுதென்று எண்ணிச் சிலர் அதனைத் தட்டியும் பார்த்தனர். பாவம், அதன்மேல் பிழை ஒன்றுமில்லை.

கணினி தன்னுள் வைத்திருப்பது எழுத்தை அன்று, எண்ணை. இன்ன எண்ணுக்கு இன்ன வடிவம் என்று காட்டுவது எழுத்துரு. அவ்வடிவத்தை நுண்ணிய புள்ளிகளாக்கி, அப்புள்ளிகளையே கணினி அச்சுப்பொறிக்கு அனுப்புகின்றது. ஓர் அங்குல நீளத்தில் 600 புள்ளிகள் இடுவது இன்று சாதாரணம். பொறிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. வந்த புள்ளிகளை இடுவதே அதன் தொழில்.

நம் நாட்டில் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துக்களுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை ஏற்றியது. எம் என்பதன் எண்ணில் அகரம். கே என்பதன் எண்ணில் மகரம். பாமினி இல்லாத கணினி என்ன செய்யும்? எம்மை எம் என்றே அச்சிடும்.

1991 ஆம் ஆண்டு வெளிவந்த யுனிகோடு முறை, தமிழுக்கெனத் தனி எண்களை வகுத்தது. இங்கே சுவையான செய்தி ஒன்றுண்டு. மானிப்பாயில் 1834 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் அச்சகம் இயங்கத் தொடங்கியது முதல், ஈய எழுத்துக்களைக் கோத்தே யாழ்ப்பாணத்தில் நூல்களும் பத்திரிகைகளும் அச்சாயின. 'கொ' என்பதற்கு அச்சுக்கோப்பவர் கொம்பு, ககரம், அரவு என மூன்றை எடுத்துக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் அடுக்குவார். யுனிகோடிலோ 2965, 3018 என இரண்டு எண்களே. முன்னே ககரம், பின்னே ஒகரக்குறி. மெய்யின்மேல் உயிர் ஏறும் என்ற நம் இலக்கண முறையும் இதுதானே! கொம்பை முன்னே கொண்டுவந்து நிறுத்துவது எழுத்துருவைக் கையாளும் மென்பொருளின் பொறுப்பு. அதனை அறியாத பழைய மென்பொருள்களில் கொம்பு இடம் மாறி நிற்கக் கண்டிருப்பீர்கள்.

அன்று ஆசிரியை வீட்டுக்குத் திரும்பிச் சென்று, எழுத்துருவையும் உள்ளே பொதிந்த பீடிஎஃப் கோப்பாக வினாத்தாளை மாற்றிக் கொணர்ந்தார். இரவு எட்டு மணிக்கு 'அம்மா' அம்மாவாகவே வெளிவந்தாள். பாமினியில் எழுதிய எங்கள் பழைய வினாத்தாள்கள் யாவற்றையும் இப்போது ஒவ்வொன்றாக யுனிகோடுக்கு மாற்றி வருகின்றோம். இன்னும் இரண்டு வகுப்புகளின் தாள்கள் எஞ்சியுள்ளன.